சிறிய கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

நியமன ஆணையோடு நீங்கள் போய் நிற்கும் அரசியல் அறிவியல் துறை பெரும்பாலும் ஒரே அறையாகத்தான் இருக்கும். மூன்று நான்கு மேசை, ஒரு பீரோ, அதன் மேல் கட்டிவைத்த விடைத்தாள்கள். ஆசிரியர்கள் மூன்று பேர் என்றால் அதில் ஒருவர் கௌரவ விரிவுரையாளர். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகரங்களுக்கு வெளியே இருக்கும் கலைக் கல்லூரிகளில் பல துறைகள் இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஆள் குறைந்த துறையில் அது கூடத்தான் செய்யும். அதற்கு மேல் சேர்க்கை, தேர்வுப் பணி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆய்வுக்கு எங்கே மேடம் நேரம்?"

ஆய்வைத் தனி வேலையாக எடுத்து வைத்தால் நேரம் கிடைக்காது. நடத்துகிற பாடத்துக்குள்ளிருந்தே அது கிளம்ப வேண்டும். உங்கள் மாணவர்கள் பஸ் ஏறி வருகிற ஊர்களிலேயே நடக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகத் துறைக்கு நூலகம் இருக்கலாம், நிதி இருக்கலாம். முப்பது கிராமங்களிலிருந்து தினமும் காலையில் வந்து உட்காரும் அறுபது பேர் நம்மிடம்தான் இருக்கிறார்கள். அவர்களை வைத்து எப்படித் தொடங்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்: ஊர்ப் பட்டியல்

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டியவை: ஊர், எந்த ஊராட்சி, எந்த ஊராட்சி ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்த பஸ், கல்லூரி விட்டதும் வேலைக்குப் போகிறாரா. ஷிப்ட் முறை இருக்கும் கல்லூரிகளில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மதியம் ஜவுளிக்கடைக்கோ பட்டறைக்கோ ஓடுகிற பையனிடம் மாலை நேரக் களப்பணியை ஒப்படைக்க முடியாது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், தன் ஊர் எந்த ஊராட்சியில் சேர்ந்தது என்று தெரியாதவர் வகுப்புக்குப் பாதிப் பேராவது இருப்பார்கள். ஊர்ப் பெயரும் ஊராட்சிப் பெயரும் வேறாக இருப்பது ஒரு காரணம். "வீட்டில் கேட்டு வா" என்று அனுப்புங்கள். மறுநாள் அவர்கள் கொண்டுவரும் பதிலில் பாடம் தொடங்கிவிடும். ஒருத்தி அப்பாவிடம் கேட்டிருப்பாள், இன்னொருத்தன் ரேஷன் கடைக்காரரிடம், வேறொருத்தி வாக்காளர் அடையாள அட்டையைப் பார்த்து. யாரிடம் கேட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இதே இரண்டு வாரத்தில் உங்கள் தாள்களுக்கான பழைய வினாத்தாள்கள் ஐந்தாண்டுக்குச் சேர்த்துவிடுங்கள். மாணவர்கள் தேர்ச்சி பெற வேண்டும், பலருக்கு இந்தப் பட்டத்தை வைத்துத்தான் டிஎன்பிஎஸ்சி. அதைக் குறைத்து மதிப்பிடும் ஆசிரியர்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வராது.

சொற்களில் நில்லுங்கள்

தமிழ் வழியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவருக்கு முதல் சிக்கல் சொல்லில்தான். ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்ற ஒரே சொல் கோட்பாட்டுத் தாளில் 'அரசு' ஆகிறது, இந்திய அரசியலமைப்புத் தாளில் 'மாநிலம்' ஆகிறது. 'கவர்ன்மென்ட்' சில பாடநூல்களில் அரசாங்கம், சிலவற்றில் அரசு. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்பில் 'அரசு' என்பதற்குள் நாடாளுமன்றமும் வரும், உங்கள் ஊராட்சியும் வரும். இதைச் சொல்லாமல் தாண்டினால் மூன்றாம் ஆண்டு வரைக்கும் குழப்பம் கூடவே வரும்.

'ஒன்றியம்' என்று பலகையில் எழுதுங்கள். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று முதல் உறுப்பு சொல்கிறது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றியம் என்றால் பிடிஓ ஆபீஸ். இரண்டுக்கும் ஏன் ஒரே சொல், எது எதோடு சேர்ந்ததால் ஒன்றியம் என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கூட்டாட்சி பற்றி அவர்கள் வாயிலிருந்தே வரும்.

இப்படிச் சிக்கும் சொற்களைத் துறைக்கென ஒரு கலைச்சொல் நோட்டில் சேர்த்துவாருங்கள். ஆண்டுக்கு ஐம்பது சொல் சேர்ந்தாலே போதும்.

ஒரு விவாதத்தை முழுதாக நடத்துங்கள்

பாடத்திட்டம் நீளம். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் எதுவும் நிற்காது. பருவத்துக்கு ஒரு விவாதத்தையாவது மூல ஆவணத்தோடு நிதானமாக நடத்துங்கள். நான் எப்போதும் எடுப்பது 1948 நவம்பர் மாத அரசியல் நிர்ணய சபை விவாதம்.

நவம்பர் 4ஆம் தேதி அம்பேத்கர் வரைவு அரசியலமைப்பை அவையில் முன்வைத்துப் பேசுகிறார். கிராமங்களை அடிப்படை அலகாக வைக்காதது ஏன் என்ற குறைக்கு அவர் தரும் பதில் கடுமையானது: கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம், தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சியே என்ற பொருளில் பேசுகிறார். அடுத்த நாட்களில் பல உறுப்பினர்கள் அதை மறுக்கிறார்கள். நவம்பர் 22ஆம் தேதி மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த கே.சந்தானம், கிராம ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். அம்பேத்கர் எழுந்து திருத்தத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். இன்றைய 40ஆவது உறுப்பு அப்படி வந்தது.

விவாதப் பதிவு ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு பக்கத்தை நீங்களே தமிழாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டாம், பட்டிமன்றம் ஆகிவிடும். "உன் ஊரைப் பற்றி இதில் எது உண்மை?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு ஆண்டு இந்த வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "எங்க தெருவுக்கு கிராம சபைன்னு யாரும் வந்து சொன்னதே இல்ல மேடம். தண்டோரா ஊர்த் தெருவோட நின்னுடும்." வகுப்பு அமைதியாகிவிட்டது. அதே ஊரிலிருந்து வருகிற, ஊர்த் தெருவில் வீடு இருக்கிற இன்னொரு மாணவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அம்பேத்கர் எதற்கு அப்படிப் பேசினார் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிராம சபை அறிவிப்பு எந்தத் தெரு வரை போகிறது என்பது எங்கள் துறையின் முதல் ஆய்வுக் கேள்வியானதும் அன்றுதான்.

நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்க விரும்பினால் 1951ஆம் ஆண்டு சம்பகம் துரைராஜன் வழக்கை எடுங்கள். மதராஸ் மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணை கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களையும் எப்படிப் பங்கிட்டது என்பதைப் பலகையில் எழுதுங்கள்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முஸ்லிம்கள் 1. உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) வந்தது. தங்கள் சேர்க்கை விண்ணப்பத்தில் நிரப்பிய வகுப்புப் பிரிவுக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களே தொடுத்துப் பார்ப்பார்கள்.

கிராம சபைக்குப் போவது

இதுதான் மையமான வேலை. இதற்கு மட்டும் நேரம் ஒதுக்க முடிந்தால்கூடப் போதும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் நடந்துவந்தது. 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறானது. தேதி முன்கூட்டியே தெரியும் என்பது ஆய்வாளருக்குப் பெரிய வசதி. பெரும்பாலும் விடுமுறை நாள் என்பதால் வகுப்பும் கெடாது, மாணவர்களும் ஊரில்தான் இருப்பார்கள்.

போவதற்கு ஒரு வாரம் முன்பே முதல்வரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் தயார் செய்து ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்துவிடுங்கள். மாணவிகளை இரண்டு பேராக அனுப்புங்கள், ஒருத்தி அந்த ஊர்க்காரியாக இருக்கட்டும். ஒரே பக்கத்தில் ஒரு படிவம் போதும். நான் வைத்திருக்கும் படிவத்தில் இருப்பவை இவை: கூட்டம் எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த இடம், தலையை எண்ணினால் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், யார் நாற்காலியில், யார் ஜமுக்காளத்தில், யார் வெளியே மர நிழலில், யார் யார் பேசினார்கள், எவ்வளவு நேரம், எது தீர்மானமாக எழுதப்பட்டது, எது பேசப்பட்டும் எழுதப்படவில்லை.

தலையெண்ணிக்கையை இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும். கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கை (குறைவெண் வரம்பு) மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து நோட்டில் இருக்கும் எண்ணும் மாணவர் எண்ணிய எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே ஒரு கட்டுரைக்கான விஷயம் கிடைக்கும். ஆனால் மாணவர் அங்கே அதைக் கேட்டுத் தகராறு செய்யக் கூடாது. அவர் அதே ஊரில்தான் நாளைக்கும் இருக்க வேண்டும். பார், எண்ணு, எழுது, வீட்டுக்குப் போ. இதைப் பலமுறை சொல்லி அனுப்புங்கள்.

தலைவர் பெண் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சட்டத் திருத்தம் 2016இல் வந்தது, 2019 தேர்தலில் நடைமுறையானது. "கணவர்தான் நடத்துகிறார்" என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், பழிச்சொல்லாகவும் இருக்கலாம். எந்தத் தீர்மானத்தை யார் வாசித்தார், கேள்விக்கு யார் பதில் சொன்னார் என்று நிமிடக் கணக்கில் எழுதிய குறிப்புதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

தலைவர் இல்லாத ஆண்டுகள்

நம் மாநிலத்து ஆசிரியருக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. அரசியலமைப்பின் 243இ பிரிவு ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்குமேல் இல்லை, அது முடியும் முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. இங்கே 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பதில் அதுவும் 2021 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. இடையில் தலைவருக்குப் பதிலாக நிர்வாகம் பார்த்தவர்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள். பிறகு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

ஆக ஒரே ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்த காலமும் இல்லாத காலமும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. கிராம சபை இரண்டிலும் உண்டு. கூட்டம் கூடியதா, குறைந்ததா? தண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை பற்றிய பேச்சு மாறியதா? தீர்மானங்கள் மேலிருந்து வந்த பட்டியலாகச் சுருங்கினவா? பெண்கள் அதிகம் பேசினார்களா? ஒப்பீட்டு ஆய்வு என்றால் இரண்டு நாடுகளை எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், ஒரு ஊராட்சியின் இரண்டு காலங்களே போதும். 243இ மீறப்பட்டால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தேர்தல் ஆணையம், மாநில அரசு, நீதிமன்றம், தொகுதி வரையறை என்று ஒரு பருவத்துக்கான பாடம் அதில் இருக்கிறது.

தாள் கேட்டு வாங்குவது

பார்த்ததை எழுதியாயிற்று. இனி அலுவலகத்தில் எழுதியிருப்பது வேண்டும். தீர்மானப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பம், ஒரே பக்கம். பிரிவு 6(1) என்று மேலே குறிப்பிட்டு, எந்த ஊராட்சி, எந்தத் தேதிக் கூட்டம், எந்த ஆவணம் என்று மூன்றையும் துல்லியமாக எழுதுங்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அனுப்பிய ரசீதை விண்ணப்ப நகலின் பின்பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். விண்ணப்பம் எப்போதும் உங்கள் பெயரில் போகட்டும், மாணவர் பெயரில் வேண்டாம்.

ஒரு முறை எனக்கு ஒரு அலுவலகத்திலிருந்து பதினொரு மாதம் கழித்துத்தான் நகல் வந்தது. அதில் இருந்த ஐந்து தீர்மானங்களும் எங்கள் மாணவர் குறிப்பில் இருந்த விவாதமும் வேறு வேறு கூட்டங்களைப் போலிருந்தன. அந்தக் காத்திருப்புக்கு அது தகும்.

படிவம் 20

தேர்தல் நடத்தை விதிகள் 1961இன்படி வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் தயாராகும் இறுதி முடிவுத் தாள்தான் படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி, பிறகு நோட்டா, மொத்தம். தபால் வாக்குகளுக்குத் தனி வரி. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். பல தாள்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் எண்களைக் கையால்தான் எக்ஸெலில் ஏற்ற வேண்டும். ஒருவர் வாசிக்க ஒருவர் ஏற்றட்டும், வரிக்கு வரி கூட்டிச் சரிபார்க்கட்டும். உங்கள் ஒரே தொகுதிக்கு மூன்று தேர்தல் தாள்கள் இருந்தால் நல்ல தொடக்கம்.

தபால் வாக்கு வரி எதற்கு என்று மாணவர் கேட்டால் 2016 சட்டமன்றத் தேர்தலின் ராதாபுரம் தொகுதியைச் சொல்லுங்கள். வித்தியாசம் 49 வாக்குகள். தபால் வாக்குகளை ஒட்டி வழக்கு நடந்து, 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது.

ஒரு எச்சரிக்கை. சாவடி என்றால் தெரு. உங்கள் மாணவருக்கு எந்தச் சாவடியில் எந்தத் தெரு ஓட்டுப் போடுகிறது என்று தெரியும். எண்ணைப் பார்த்ததும் எந்தச் சாதி எந்தக் கட்சிக்குப் போட்டது என்று சொல்லிவிடுவார். வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது, இயந்திரம் வந்தபின் அது இல்லாமல் போனது. அதனால்தான் பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் அதை ஆதரித்தது. ஆகவே நீங்கள் எழுதும் எதிலும் சாவடி எண்ணும் ஊர்ப் பெயரும் வரக் கூடாது. கிராம சபைக் குறிப்புகளுக்கும் இதே விதிதான். அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு நம் கட்டுரையால் ஒரு சிறு தொல்லைகூட வரக் கூடாது.

தேர்தல் பணி உங்களுக்கும் வரும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்து, விடியற்காலை முகவர்கள் முன்னால் குறைந்தது 50 வாக்குகளோடு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அழித்துக் காட்டி, மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சியை நிரப்பிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு 'தேர்தல் முறை' பாடம் உங்கள் வாயில் வேறு மாதிரி வரும். அங்கே பணியில் கண்டதில் ரகசியம் காக்க வேண்டியதைத் தனியே காத்துவிடுங்கள், அது ஆய்வுத் தரவு ஆகாது.

எழுதுவது, வெளியிடுவது

முதல் கட்டுரையைத் தமிழில் எழுதிவிடுங்கள், எட்டுப் பக்கம் போதும். மாணவர்கள் வாசித்துத் தவறு சொல்லக்கூடிய மொழியில் முதல் வரைவு இருந்தால் தரவு சுத்தமாகும். ஆங்கிலத்தில் பிறகு எழுதிக்கொள்ளலாம். எண்ணிச் சேர்த்த மாணவர்களின் பெயர் நன்றியுரையில் கட்டாயம் வர வேண்டும், பகுப்பாய்விலும் கைகொடுத்திருந்தால் ஆசிரியர் வரிசையிலேயே வரட்டும். கௌரவ விரிவுரையாளரின் உழைப்பை விழுங்கிவிட்டு நிரந்தரப் பணியாளர் பெயரில் மட்டும் கட்டுரை வருவதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களைத் தொடாதீர்கள். யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை 2025இல் கைவிட்டபின் இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடமே வந்துவிட்டது. அந்த இதழின் பழைய கட்டுரைகள் நான்கை உட்கார்ந்து படியுங்கள், தரம் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக: உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பான ஷோத்கங்காவில் தேடுங்கள். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அச்சுப் பிரதிகளுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். சென்னை போகும்போது அடையாறு எம்ஐடிஎஸ் (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நிதிக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐசிஎஸ்எஸ்ஆர்) சிறு ஆய்வுத் திட்டங்கள் உண்டு, ஆனால் இரண்டு ஆண்டுக் குறிப்புகள் கையில் சேரும் முன் விண்ணப்பிக்காதீர்கள். யுஜிசியின் 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் நான்கு பேருக்கு மேல் முனைவர் பட்ட வழிகாட்டியாக இருக்க முடியாது. சிறிய துறையில் ஒருவரோடு தொடங்கினாலே நல்லது.

கட்டுரை வந்ததும் ஒரு நகலை அந்த ஊராட்சி அலுவலகத்துக்கும், ஊர் நூலகம் இருந்தால் அதற்கும் கொடுங்கள். எடுத்துப் போக வேண்டியவர் அந்த ஊர் மாணவர்.

அப்புறம், அந்தப் பீரோ. விடைத்தாள் கட்டுகளை இறக்கிவிட்டு ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். ஊர்ப் பட்டியல் நோட்டு, கலைச்சொல் நோட்டு, கிராம சபைப் படிவங்கள், தகவல் உரிமை (ஆர்டிஐ) பதில்கள் எல்லாவற்றையும் ஆண்டு எழுதி அதில் அடுக்குங்கள். என்றைக்காவது மாறுதல் ஆணை வரும்போது அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே விட்டுவிட்டு, சாவியைத் துறையில் இருப்பவரிடம் கொடுத்து, எது எந்தக் கட்டில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள்.